பெட்ரோல் போட்டது யாரு?

2001-ல் தில்லிக்கு வந்து மூணாவது வாரம். ஆபீஸ் நண்பனிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டர் லக்ஷ்மி நகர் பக்கம் விக்கல் எடுத்து நின்றுவிட்டது. ரிசர்வுக்குத் திருப்பலாம் என்று குனிந்து பார்த்தால் ஏற்கனவே ரிசர்வில்தான் இருக்கிறது. (வண்டி இரவல் கொடுப்பவர்கள் வழக்கமாகச் செய்கிற உதவி.) தள்ளிக்கொண்டே போய், எதிரில் வந்த ஒரு பெரியவரிடம், எனக்குத் தெரிந்த மொத்த இந்தியையும் திரட்டி, "பெட்ரோல் பங்க் கஹான் ஹை?" என்று கேட்டேன். ரொம்ப மரியாதையாக, நேராப் போய் இடது பக்கம் திரும்பு என்று கையால் காட்டினார். அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு பேங்க். ஞாயிற்றுக்கிழமை வேறு, ஷட்டர் போட்டிருந்தது :-)

வாசலில் இருந்த காவலாளி ஸ்கூட்டரைப் பார்த்தார், என் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தார், "பம்ப்?" என்றார். "பம்ப், பம்ப்" என்றேன்.

பங்க் என்பது நம்ம பக்கத்துச் சரக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா எல்லாம் பங்க். விந்தியத்துக்கு இந்தப் பக்கம் பம்ப். கப்பலுக்கு நிலக்கரி கொட்டி வைக்கும் அறைக்கு பங்கர் என்று பெயர். நிலக்கரி போய் எண்ணெய் வந்த பிறகும் கப்பலுக்கு எரிபொருள் ஏற்றுவதை இன்றுவரை பங்கரிங் என்றுதான் சொல்கிறார்கள். துறைமுகத்துப் பேச்சிலிருந்து நம்ம பங்க் வந்தது என்பது ஒரு கட்சி. வெத்தலை பாக்கு விற்கிற பங்க் கடைக்கும் அதே பெயர்தானே, அதிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் சேரவில்லை. எனக்குப் பிரச்சினை பெயர்ச்சொல்லில் இல்லை, வினைச்சொல்லில்.

அதுவும் தில்லியில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் ஆட்டோவில் ஆணி பிடுங்கப் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "பாய் சாப், தேல் டல்வானா ஹை" என்றார். எனக்குத் தெரிந்து தேல் என்றால் எண்ணெய். தலைக்குத் தேய்ப்பது, அப்பளம் பொரிப்பது. ஆபீசுக்கு நேரமாகும்போது இந்த ஆளுக்கு எதற்கு எண்ணெய் என்று யோசித்துக்கொண்டே தலையாட்டி வைத்தேன். நேராக பம்ப்பில் கொண்டு போய் நிறுத்தினார். பெட்ரோலோ டீசலோ, இங்கே பேச்சுவழக்கில் எல்லாமே தேல்.

மதியம் சாப்பிடும்போது இதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து மேஜைக்காரர் லக்னோவில் பிறந்தவர், இந்தி எம்.ஏ. வேறு. எங்கள் ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் பொறுமையாக விளக்கினார். "டால்னா என்றால் ஊற்றுவது, போடுவது. நீயே உன் டீயில் சர்க்கரை போட்டால் டால்னா. வேறொருவர் கையால் போட்டுக்கொண்டால் டல்வானா. பம்ப்பில் நீயா போடுகிறாய்? அங்கே இருக்கிற ஆள்தானே போடுகிறான்? அதனால் டல்வானா."

சாதாரண இலக்கணம். இந்தி படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் சப்பாத்தி அதற்கப்புறம் இறங்கவில்லை. காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும்.

எங்க அப்பா பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தவர். 1972-லிருந்து 2004 வரைக்கும், 32 வருஷம், ஒரே பங்க். மேல்மருவத்தூர் தாண்டி திண்டிவனத்துக்கு முன்னால், சென்னை மெயின் ரோட்டில். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை. வீட்டுக்குள் வரும்போது அவருக்கு முன்னால் வாசனை வரும். அம்மா அந்தச் சட்டையை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக ஊறவைத்து, பார் சோப்பு போட்டுத் துவைப்பார். அப்படியும் போகாது. சின்ன வயசில் எனக்கு அந்த வாசனை பிடிக்கும். எட்டாங்கிளாஸ் வாக்கில் பிடிக்காமல் போய்விட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் குழாயைச் சொருகுவதும் எடுப்பதும்தான் வேலை மாதிரி இருக்கும். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது மீட்டரில் உள்ள மொத்தக் கணக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடியும்போது மறுபடி குறிக்க வேண்டும். நடுவில் உள்ள வித்தியாசத்தை விலையால் பெருக்கி வருகிற தொகை பையில் இருக்க வேண்டும். குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். காலையில் தரையடி டேங்க்கில் நீளமான அளவுகோலை விட்டு இருப்பு பார்க்க வேண்டும். அதன் முனையில் ஒரு பேஸ்ட் தடவி விடுவார்கள், அடியில் தண்ணி இருந்தால் நிறம் மாறும். டிவிஎஸ் 50, லூனா, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் ஆயில் கலக்க வேண்டும், வண்டிக்கு வண்டி கணக்கு வேறு. கரண்ட் போனால் மெஷினில் ஹேண்டிலை மாட்டிக் கையால் சுற்ற வேண்டும். எங்க ஊரில் கரண்ட் எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

"நள்ளிரவு முதல் பெட்ரோல் விலை உயர்வு" என்று ரேடியோவில் சொன்னால் எல்லார் வீட்டிலும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். எங்க வீட்டில் அம்மா, அப்பாவின் சாப்பாட்டை மூடி வைத்துவிடுவார். அன்றைக்கு ராத்திரி 12 மணி வரை வரிசை இருக்கும். 2017 ஜூன் 16-லிருந்து தினமும் காலை 6 மணிக்கு விலை மாறுவது என்று ஆன பிறகு அந்த ராத்திரிகள் இல்லாமல் போய்விட்டன. அப்பா இந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சொன்னது: "இப்ப புள்ளைங்களாச்சும் நேரத்துக்குச் சாப்புடும்."

மெட்ராசில் இஞ்சினியரிங் சேர்ந்தபோது, 1991-ல், ஹாஸ்டல் ஃபாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் "பெட்ரோலியம் விற்பனை" என்று எழுதினேன். பொய் இல்லையே! பசங்க அதைப் பார்த்து, ஓனர் வீட்டுப் பையன் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லலாம்.

1994-ல் நாலு பேர், இரண்டு பைக்கில் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை கிடையாது, திண்டிவனம் வழியாகத்தான் போக வேண்டும். எங்க பங்க்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், பகலில் வீட்டில் தூங்குவார் என்று கணக்குப் போட்டுதான் சரி என்றிருந்தேன். சரியாக அந்த இடத்தில் முன்னால் போன வண்டி இடது பக்கம் கை காட்டி உள்ளே நுழைந்தது.

அப்பா நின்றுகொண்டிருந்தார். யாருக்காகவோ ஷிஃப்ட் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

என்னைப் பார்த்தார். கூட இருந்த மூணு பேரையும் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஒரு நொடிதான். குழாயை எடுத்துக்கொண்டு வந்து, "எவ்ளோ சார்?" என்றார்.

எல்லாரையும் பார்த்துப் பொதுவாகத்தான் கேட்டார். அதில் நானும் இருந்தேன்.

அப்புறம் நடந்ததுதான் இன்றைய விஷயம். பசங்களுக்குள் வழக்கமான சண்டை ஆரம்பித்தது. "மச்சி, போன தடவை மகாபலிபுரத்துக்கு நான் போட்டேன், இப்ப நீ போடு." "டேய், அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நான் போட்டேன்டா." "இவன் போடட்டும்டா, இவன்தான் ஒரு தடவை கூடப் போட்டதில்ல." கடைசியாகச் சொன்னது என்னைப் பார்த்து. போட்டுக்கொண்டிருந்தவர் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பர்சை எடுத்து அந்த மாதம் அவர் மணியார்டரில் அனுப்பிய பணத்திலிருந்து அவருக்குக் கொடுத்தேன். சில்லறை எண்ணிக் கொடுத்தார். "பாத்துப் போங்க" என்றார்.

வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் இல்லை, நானும் இல்லை. அம்மாவுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஏழு வருஷம் கழித்து தில்லியில் டிபன் பாக்சைத் திறந்து வைத்துக்கொண்டு டல்வானா என்ற சொல்லைக் கேட்டபோது, சட்டென்று அந்தச் சண்டைதான் காதில் விழுந்தது. நான் போட்டேன், நீ போடு, இவன் போடட்டும். நாலு பேரும் "போடு"வைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். உண்மையில் போட்டவர் அந்த வாக்கியத்தில் எங்கேயுமே இல்லை. நம்ம தமிழில் பெட்ரோல் போடுவது என்றால் காசு கொடுப்பது.

பைத்தியம் பிடித்த மாதிரி சில மாதம் இதையே விசாரித்துக்கொண்டு திரிந்தேன். ஆபீசில் எல்லா மாநிலமும் உண்டே. பெங்களூர்க்காரர், "பெட்ரோல் ஹாக்கிஸ்பேகு" என்றார். ஹாக்கு என்றால் போடு, ஹாக்கிஸு என்றால் போடவை. குஜராத்தி நண்பர் "புராவ்வு" என்றார், அதுவும் இன்னொருவரை வைத்து நிரப்பிக்கொள்வதுதான். விஜயவாடாக்காரர் சொன்னது இன்னும் சுவாரசியம்: "கொட்டிஞ்சாலி". தெலுங்கில் கொட்டு என்றால் நம்ம அடி. (நம்ம கொட்டு இல்லை. நம்ம கொட்டு என்றால் பெட்ரோல் தரையில் போய்விடும்.) ஆக, "அடிக்க வைக்க வேண்டும்".

நாமும்தானே "பெட்ரோல் அடிக்கணும்" என்கிறோம். இந்த அடி எனக்குப் பிடித்த சொல். சைக்கிளுக்குக் காத்து அடிக்கிறோம், பயிருக்கு மருந்து அடிக்கிறோம், தெருமுனை பம்ப்பில் தண்ணி அடிக்கிறோம். (மற்ற தண்ணி அடிப்பதைப் பற்றி இன்னொரு நாள்.) எங்கெல்லாம் ஒரு கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டி ஒன்றை வெளியே தள்ளுகிறோமோ அங்கெல்லாம் அடி. ஆரம்ப காலத்து பெட்ரோல் பம்ப்புகளும் அப்படித்தான் இருந்தன. மேலே கண்ணாடி உருளை, பக்கத்தில் நெம்புகோல். கையால் அடித்து உருளையில் கோடு வரைக்கும் ஏற்றி, அப்புறம் குழாய் வழியாக வண்டிக்கு இறக்குவார்கள். அந்த மெஷின்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போது பொத்தானை அழுத்தி ரூபாயைப் பதிந்தால் அதுவே நிற்கிறது. அடி மட்டும் வாயில் தங்கிவிட்டது. ஆக, ஒருவர் தோள்பட்டை வலிக்கச் செய்த வேலையின் பெயர் இருக்கிறது, செய்தவரைத்தான் காணோம்.

தமிழில் வழி இல்லாமல் இல்லை. கல்வெட்டுத் தமிழில் ஜோராக இருக்கிறது. தஞ்சாவூர் பெரிய கோவில் கல்வெட்டில் ராஜராஜன், தான் எடுத்த கோவில் என்று சொல்லவில்லை, "எடுப்பிச்ச" என்கிறார். இன்னொருவரைக் கொண்டு எடுத்தது. ராஜராஜப் பெருந்தச்சன் என்று தச்சரின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. சக்கரவர்த்திக்கே அந்த அடக்கம் இருந்திருக்கிறது. நாம் பேங்க் லோனில் மூணு சென்ட்டில் ஒரு வீடு கட்டிவிட்டு, "நான் வீடு கட்டினேன்" என்கிறோம். ஒரு செங்கல்லைத் தூக்கியிருப்போமா?

செய்வி, கற்பி என்று எழுத்தில் மிச்சம் இருப்பதோடு சரி. பேச்சில் அந்த "வி"யும் "பி"யும் கழன்றுவிட்டன. அதற்குப் பதிலாக வந்த "வை"யில் ஒரு அதட்டல் ஒட்டிக்கொண்டது. அழ வெச்சேன், ஓட வெச்சேன் என்றால் கட்டாயப்படுத்தின மாதிரி இருக்கிறது. அதனால் பெட்ரோல் போட வெச்சேன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா, டாக்டரிடம் போனால் "ஊசி போட்டுக்கிட்டேன்" என்கிறோம். அந்த "கிட்டேன்"-இல் டாக்டருக்கு ஒரு இடம் ஒதுக்கிவிடுகிறோம். பங்க்காரருக்கு அதுவும் கிடையாது.

2006-ல் மூணு மாதம் ஆபீஸ் வேலையாக நியூ ஜெர்சி அனுப்பினார்கள். அமெரிக்காவில் அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும், அங்கேயாவது "நான் போட்டேன்" என்பது உண்மையாக இருக்கும் என்று ஆசையாகப் போனேன். பார்த்தால் அந்த மாநிலத்தில் 1949-லிருந்து சட்டம், வாடிக்கையாளர் குழாயைத் தொடக்கூடாது. நம்மைப் போலவே ஆள் நின்று போடுகிறார். எனக்கென்று வந்து வாய்க்கிறது பாருங்கள்.

2009 டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் எங்களோடு ஒரு மாதம் இருக்க வந்தார்கள். தாஜ்மஹாலைவிட அப்பா அதிகம் பார்த்தது நொய்டாவில் எங்க வீட்டுக்குப் பக்கத்து பம்ப்பைத்தான். முதல் தடவை காரை நிறுத்தியதும் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். குளிர், வாயைத் திறந்தால் புகை வருகிறது. குல்லாயை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் போய் நின்றார். பீகார் பக்கத்துப் பையன், இருபது வயசு இருக்கும். அவன் ஏதோ சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா சொல்றான்?"

"ஜீரோ பாத்துக்கச் சொல்றான்பா."

"அது எல்லா ஊர்லயும் அதான்" என்று சிரித்தார்.

பையன் குழாயை வெளியே எடுக்கும்போது அதை மேலாகத் தூக்கி, வாயை டேங்க்குக்குள் காட்டி இரண்டு தட்டு தட்டினான். அப்பாவும் அப்படித்தான் தட்டுவார். புது மெஷினில் ஹோஸ் எப்போதும் நிரம்பியேதான் இருக்கும், வால்வு குழாய் நுனியில் இருக்கிறது, தட்டினால் விழுவது நாலு சொட்டுதான் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அவங்க காசுல்ல அது" என்றார். இந்தப் பையன் தட்டியதைப் பார்த்துவிட்டு அவன் கால்களைப் பார்த்தார். ரப்பர் செருப்பு, கிழிந்த சாக்ஸ். "எத்தன மணி நேரம் நிக்கறான்னு கேளு" என்றார். கேட்டேன். பன்னிரண்டு மணி நேரம்.

"ஏன் கேக்கறீங்க சாப்?" என்று அவன் இந்தியில் கேட்டான்.

"மேரே பாபுஜி பீ பெட்ரோல் டால்தே தே" என்றேன். எங்க அப்பாவும் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர். டல்வானா இல்லை, டால்னா. 32 வருஷம் என்றும் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், வெளி ஆள் ஒருவரிடம் அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் அவருக்குப் புரியாத பாஷையில்.

"அச்சா?" என்றான் பையன். அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் ஹாரன் அடித்தார்கள், அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

காரில் வரும்போது அப்பா கேட்டார். "அவங்கிட்ட என்ன சொன்ன?" சொன்னேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். "சொல்லிட்டியா" என்றார். அவ்வளவுதான். 1994 பற்றி இருவரும் பேசியது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

போன வருஷம் லீவுக்குத் திண்டிவனம் போயிருந்தோம். என் பையன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், இப்போது காலேஜ். அவன் பேசுகிற தமிழ், தங்கமணி சொல்கிற மாதிரி, இந்திக்கு வேட்டி கட்டிவிட்ட தமிழ். சாயங்காலம் சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் தாமதமாக வந்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, "எங்கடா போன இவ்ளோ நேரம்?" என்றார்.

"பெட்ரோல் போட வெக்கப் போனேன் தாத்தா" என்றான்.

உள்ளேயிருந்து தங்கமணி, என் தம்பி, தம்பி மனைவி எல்லாரும் ஒரே சிரிப்பு. போட வெக்கப் போனானாம்! துப்பாக்கியைக் காட்டியா போட வெச்சே என்று தம்பி கேட்டான். பையனுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை, என்னைப் பார்த்தான்.

அப்பா சிரிக்கவில்லை. "அவன் சரியாத்தான் சொல்றான்" என்றார். அப்புறம் அவனிடம், "ஜீரோ பாத்தியா?" என்று கேட்டார்.